சித்திரை மாதத்து ஹாலோவீன்

மூன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்த சுகந்தினி வீட்டுக்குள் போகவில்லை. காரை நிறுத்திவிட்டு, கையிலிருந்த பையோடு நேரே பின்வளவுக்குப் போனாள். பைக்குள் கறுப்புக் காகித வௌவால்கள் ஒரு டசின், பஞ்சுச் சிலந்திவலை ஒரு பொட்டலம், பற்றரியில் எரியும் சின்ன மெழுகுதிரிகள் ஆறு. பூசணிக் கொடி முழுவதும் காய்ந்து சுருண்டு கிடந்தது. நேற்று மாலை அதில் ஐந்து காய்கள் இருந்தன. இப்போது நான்குதான் இருந்தன. காணாமல் போனது பெரியது. தை மாதம் அது தேங்காய் அளவில் பச்சையாக இருந்தபோது, ஒன்பது வயது மகள் கஜானி அதில் ஓர் ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தாள். காய் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்து, இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாலே வாசிக்கலாம். ஈர மண்ணில் தள்ளுவண்டிச் சக்கரத்தின் தடம் பக்கத்து வீட்டுப் படலைக் கதவு வரைக்கும் போயிருந்தது. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கணவன் யசீகரன் அப்போதுதான் எழும்பியிருந்தான். விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை செய்கிறவன் அவன். அடுப்படியில் தேநீர்க் கோப்பையோடு நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னத்துக்கு அவளை விட்டனீங்கள்? நான் இண்டைக்கு ஷிஃப்ட் மாத்தினது ஏனெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

“பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. காயை நான்தான் வண்டியில ஏத்தி விட்டனான். பக்கத்து வீட்டுக்குத்தானே போனவள்? உமக்கென்ன விசரே?”

பக்கத்து வீட்டுக்குத்தான். அதுதானே வயிற்றெரிச்சல்.

அவர்கள் இருப்பது பருவங்கள் தலைகீழாக வரும் ஒரு தென்கோள நாட்டின் ஏவன்டேலில், பதினொரு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு முட்டுத் தெருவில். மற்ற ஊரெல்லாம் ஹாலோவீனை அக்டோபரில் வைக்க, இந்தத் தெரு மட்டும் ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமையில் வைக்கிறது. அது பக்கத்து வீட்டு ஸ்வர்ணாவின் மூளையில் உதித்தது. அக்டோபரில் இங்கே வசந்தம், எட்டு மணி வரைக்கும் வெளிச்சம், பேய்க்கு யார் பயப்படுவார்கள்? பூசணி விதையே அப்போதுதான் மண்ணுக்குள் போகிறது, பிறகு எதைக் குடைவது? ஏப்ரல் என்றால் ஆறு மணிக்கே இருட்டு, எல்லார் வளவிலும் பூசணி, இலை கொட்டிய மரங்கள். இப்படிச் சிரித்துச் சிரித்துக் கதவு கதவாகப் போய்ச் சொன்னாள். பதினொரு வீடும் தலையாட்டியது. சுகந்தினியும் தலையாட்டினாள். ஸ்வர்ணா சொன்னால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. அப்படி ஒரு முகம் அவளுக்கு. அந்த முகத்தின் மேலும் சுகந்தினிக்குக் கோபம் இருந்தது.

ஸ்வர்ணாவுக்கும் ராம்பிரசாதுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். பள்ளி விட்டால் கஜானி அங்கேதான். சுகந்தினி ரெஸ்ட் ஹோமில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டு வரும் வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வாய்த்தது பெரிய உதவிதான். அதை அவள் எந்த இடத்திலும் சொல்லத் தயங்கியதில்லை. ஆனால் வாய் நன்றி சொல்லும்போதெல்லாம் மனம் வேறொரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும். தன் பாத்தியில், தன் கையால் எரு வைத்து வளர்த்த பூசணியைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி வைத்தால் மூக்கைச் சுளிக்கிற பிள்ளை, அதே பூசணியை ஸ்வர்ணா சூப்பாக்கிக் கொடுத்தால் கோப்பையை வழித்துக் குடிக்கிறாள். வேலியோரத்து ஃபீஜோவாப் பழமரத்தின் பாதிக் காய்கள் இந்தப் பக்கம் விழுந்து அழுகின்றன. அந்தப் பக்கம் விழுவதையெல்லாம் இருவரும் கூடையில் பொறுக்கி ஜாம் காய்ச்சி, போத்தலில் பெயர் ஒட்டி வைக்கிறார்கள். போத்தலின் மேல் ‘கஜ்ஜு அண்ட் ஸ்வர்ணா’ என்று இருக்கிறது. கஜ்ஜுவாம். கஜானி என்ற பெயரை வைப்பதற்குச் சுகந்தினி எத்தனை நாள் யோசித்தாள்!

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. நாலு வருடமாக அவள் கெஞ்சியும் மிரட்டியும் வீட்டில் ஆங்கிலத்தை விட்டு அசையாத பிள்ளை, போன மாதம் திடீரென்று தமிழில் பதில் சொன்னது. “சாப்பிட்டனியோ?” என்று கேட்டதற்கு, “ஆமா, சாப்பிட்டேன்” என்றாள். அவ்வளவு அழகான, சுத்தமான தமிழ். தன் வயிற்றில் பிறந்து தன் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் வாயில் ‘ஓம்’ இல்லை, ஸ்வர்ணாவின் ‘ஆமா’ இருந்தது. சுகந்தினி அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆகவேதான் இந்த வருடம் ஒரு திட்டம் போட்டாள். ஷிஃப்டை மாற்றுவது. தன் படலையில் தானே வௌவால் கட்டுவது. மகளோடு தன் வீட்டு மேசையில் அந்தப் பெரிய பூசணியைக் குடைந்து விளக்கு வைப்பது. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆனால் படலையில் நூல் கட்டுவதை எந்த வீட்டுக்காரன் தடுக்கப்போகிறான்? யசீகரன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் பையைக் கதிரையில் எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். பூசணியையும் கொண்டுவருவது, பிள்ளையையும் கொண்டுவருவது. மரியாதையாகக் கேட்பது, கேட்டும் வராவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது.

ஸ்வர்ணாவின் முகப்பில் பழைய படுக்கை விரிப்புகள் பேய்களாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கறுவாப்பட்டையும் வெண்ணெயும் கலந்த மணம் வாசலிலேயே வந்து பிடித்தது. அடுப்படி மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன் நடுவே பெரிய பூசணி, பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரிய இருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. கஜானி முழங்கையை மேசையில் ஊன்றிக் கன்னத்தைக் கையில் தாங்கி, சலித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கக்கா, டீ போடவா?” என்றாள் ஸ்வர்ணா.

“வேண்டாம். இது இன்னும் வெட்டேல்லையோ?”

“அவரு வந்துடட்டும்னு பாத்தேன். சான்ட்ரிங்ஹாமுக்குக் கடைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு.”

கஜானி ஆங்கிலத்தில் புகார் சொன்னாள். ஒரு மணி நேரமாக இப்படித்தானாம். ஆன்ட்டி கத்தியைத் தொடவே மாட்டேன் என்கிறாராம். வெறும் பேனாவால் முகம் மட்டும் வரையலாமாம். யாருக்கு வேண்டும் பேனா?

சுகந்தினிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி துளிர்த்தது. மேசையில் கிடந்த பெரிய கத்தியை எடுத்தாள். “இதுக்கு ஏன் ஆம்பிளை வரோணும்? நான் வெட்டுறன். ஸ்வர்ணா, நீங்கள் ஒருக்கா இந்தப் பக்கம் இறுக்கிப் பிடியுங்கோ, உருளும்.”

ஸ்வர்ணா வரவில்லை. “நீங்க பண்ணுங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு அப்பால் போய், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தி காம்புக்குப் பக்கத்தில் இறங்கிப் பாதியில் நின்றது. போன வருடம் இதே மேசையில், முழங்கை வரைக்கும் சதையும் விதையும் அப்பிக்கொள்ள, சின்ன வாளால் மூன்று பூசணிகளை அறுத்துத் தள்ளியவள் இவள்தான். இப்போது பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் முழுப் பூசணியில் கத்தி வைக்கக் கூடாது, பக்கத்தில் நின்று பார்க்கவும் கூடாது என்பார்கள். கஜானியைச் சுமந்த மாதங்களில் சுகந்தினி வீட்டிலும் யசீகரன்தான் பூசணி வெட்டினான். அவளைக் கூடத்துக்குத் துரத்திவிட்டுத்தான் வெட்டுவான்.

“கஜானி, வீட்டை போய் எங்கட நீளக் கரண்டியை எடுத்துக்கொண்டு வா. விதை கிண்டோணும்.”

பிள்ளை ஓடியது. பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எத்தினை மாசம்?” என்றாள் சுகந்தினி.

ஸ்வர்ணா திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. “பத்து வாரம்க்கா. யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மா ஃபோன்ல சத்தியம் வாங்கிட்டாங்க, பூசணிக்காய் பக்கமே போகக் கூடாதுன்னு. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா நாலு தடவை போயிடுச்சேக்கா. இந்த வாட்டி யாரு எது சொன்னாலும் கேக்குறேன்.”

நாலு தடவை! வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தும் சுகந்தினிக்கு ஒன்றுகூடத் தெரியாது. அவள் கையைத் துடைத்துவிட்டுப் போய் ஸ்வர்ணாவைக் கட்டிக்கொண்டாள். “ஒண்டும் ஆகாது. இந்த முறை நிலைக்கும், பயப்பிடாதேங்கோ” என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கும் ஒரு கணம் முந்தி அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியிருந்தது, அது ஸ்வர்ணாவுக்காக எழும்பியதல்ல. இனி இந்த வீட்டில் என் பிள்ளைக்கு என்ன வேலை? இனி அவள் எனக்குத்தான். கட்டிப்பிடித்திருந்த கைகளுக்கு அந்த எண்ணம் தெரிந்துவிடுமோ என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாகச் சந்தோஷமும் இருந்தது.

“கஜ்ஜுகிட்ட இப்ப சொல்லிடாதீங்கக்கா. அவளுக்கு நானே சொல்லணும்.”

“ஓம், நீங்களே சொல்லுங்கோ.”

கரண்டியோடு வந்த கஜானி மேசையைப் பார்க்கவில்லை. காய் பாதி வெட்டப்பட்டிருந்ததும் அவளுக்குப் பொருட்டில்லை. அம்மா இந்த வீட்டுக்குள் இவ்வளவு நேரம் நின்றது இதுதான் முதல் தடவை. அந்த அதிசயம் அவளைப் பிடித்துக்கொண்டது. “அம்மா, கம். என்னோட ரூம் பாக்கணும் நீங்க” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன ரூம்?”

“மை ரூம். ஆன்ட்டி பெயின்ட் பண்றாங்க. கலர் நான்தான் சூஸ் பண்ணேன்.”

ஸ்வர்ணாவின் முகம் வெளுத்துப்போனது. பிள்ளை முன்னால் ஓட, அவள் சுகந்தினியின் காதருகே வந்து, “நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா. அந்தச் சின்ன ரூமுக்கு என்ன கலர் நல்லாருக்கும்னுதான் கேட்டேன். அவளா நெனச்சுக்கிட்டா போல” என்றாள்.

நடையின் கடைசியில் இருந்தது அந்தச் சின்ன அறை. நாலு சுவரில் மூன்று, முட்டை மஞ்சள்கருவின் நிறத்தில் இருந்தன. நாலாவது சுவரில் அடிப்பூச்சு மட்டும். தரையில் பழைய துணி விரித்து, மூலையில் பெயின்ட் வாளியும் உருளையும் கிடந்தன. கஜானி நடுவில் நின்று ஒவ்வோர் இடமாகக் காட்டினாள். இங்கே புத்தகங்கள். இங்கே மேசை. அம்மா வேலையிலிருந்து வரப் பிந்தும் நாட்களில் இங்கேயே படுத்துக்கொள்ளலாம். சன்னலைத் திறந்தால் வேலிக்கு மேலால் அம்மாவின் பூசணிப் பாத்தி தெரியும், அதனால் தனக்குப் பயம் இருக்காது. எல்லாவற்றையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

சுகந்தினி அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன் வந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்தப் பொறாமை அவளுக்கு நன்றாகப் பழகியதுதான். இரண்டு வருடமாகத் தின்றும் உறங்கியும் அதோடுதான் காலம் தள்ளினாள். இந்த முறை அது ஸ்வர்ணாவின் மேல் இல்லை. இன்னும் பிறக்காத, ஒரு புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் பெரிதாக மட்டுமே வளர்ந்திருக்கும் ஒரு சிசுவின் மேல். என் பிள்ளை பார்த்துத் தெரிந்தெடுத்த நிறத்துக்குள் நீ வந்து படுக்கப் போகிறாயா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பாவம் என்று தெரிந்தும் பொங்கியது. தான் இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் இனி கஜானியின் சின்னத் தொண்டை விழுங்க வேண்டுமே என்று நினைத்தபோது, பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வந்த கைகள் இரண்டும் சோர்ந்து தொங்கின.

“கட்டில் இங்க” என்று கஜானி சன்னலுக்குக் கீழே, தரைத் துணியின் மேல் சுவரில் தலை முட்ட மல்லாந்து படுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். “இடம் இருக்கா? அளந்து பாருங்க அம்மா.”

வாசலில் ஸ்வர்ணா அசையாமல் நின்றாள். சுகந்தினி அவளைத் திரும்பிப் பார்க்காமல் முழந்தாளிட்டு, விரல்களை அகல விரித்து, பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து அளக்கத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. தோள், இடுப்பு, முழங்கால். ஆறு. குதிக்காலில் வந்து ஏழு முடிந்தது. அங்கிருந்து எதிர்ச் சுவருக்கு இன்னும் நாலு சாண் கிடந்தது.

“காணுமா?” என்றாள் கஜானி. அது ஸ்வர்ணாவின் ‘போதுமா’ அல்ல, தாயின் சொல் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

“ஓம். தாராளமாய்க் காணும். நீ இன்னும் வளந்தாலும் காணும்.”

தெருவில் முதல் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. யார் வீட்டுக் கதவிலோ தட்டினார்கள். கஜானி எழும்பி ஓடவில்லை. தன் அறையில் தூங்கினால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகக் கண்களை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள். குதிக்காலில் வைத்த கையைச் சுகந்தினி எடுக்கவில்லை.