ஒரு பெட்டி ஜிப்

பை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு ‘ரயில்’ என்று பெயர். அத்தனை வேகம். கொஞ்ச நாளாக அந்த வேகமே எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

டாலர் விலை உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நாட்டின் கஜானாவிலேயே டாலர் இல்லையாம். பாங்க் கையை விரித்தது. பணம் கட்டாததால் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிப் துறைமுகத்திலேயே கிடந்தது. எந்த மகராசன் கணக்கில் கோட்டை விட்டானோ, விடிந்தது தையல்காரிகள் தலையில். கம்பெனியில் மிச்சம் ஒரே ஒரு பெட்டி ஜிப். அது தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. ஆகவே பெண்கள் ரகசியமாகப் பேசிவைத்தார்கள்: சரக்கு வரும்வரை ஆமை வேகம்.

“உன்னை நினைச்சாதான் பயமா இருக்கு அண்ணி, கையைக் கட்டிப் போட்டுக்கோ,” என்றாள் பக்கத்து மெஷினில் இருந்த நாத்தனார்.

அவளும் அடக்கித்தான் தைத்தாள். நன்றாக இருக்கும் ஊசியை மாற்றினாள். நூலை வேண்டுமென்றே அறுத்து மறுபடி கோத்தாள்.

ஒருநாள் முதலாளி யாரோ விருந்தாளியோடு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். “இதுதான் நம்ம ரயில். இப்ப என்னமோ கட்டை வண்டியாயிட்டா!” விருந்தாளியும் சேர்ந்து சிரித்தார்.

பாழாய்ப்போன ரோஷம்! அழுத்தி மிதித்தாள். அவர்கள் போன பிறகும் கால் நிற்கவில்லை. நாத்தனார் இருமினாள், முழங்கையால் இடித்தாள். சூப்பர்வைசருக்கோ ஒரே குஷி. ஜிப் பெட்டியையே தூக்கி அவள் பக்கத்தில் வைத்தார். சாயங்காலம் பெட்டி காலி.

“சரக்கு வந்தா சொல்லி அனுப்புறோம். அதுவரைக்கும் எல்லாரும் வீட்ல இருங்க,” என்றார் சூப்பர்வைசர். பிறகு அவளிடம், “நீ மட்டும் வா. ஜிப் இல்லாத பை சாம்பிள் தைக்கணும். வேகமான கை ஒண்ணு போதும்னு முதலாளி சொல்லிட்டாரு.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நாத்தனார்தான். ‘எனக்கு வேண்டாம், அவளுக்குக் குடுங்க’ என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் பாங்க் வட்டி ஏறி, கட்டட வேலையெல்லாம் நின்றுபோய், தன் புருஷனும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நாத்தனார் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“காலைல எத்தனை மணிக்கு வரணும் சார்?”