வெளுக்காத பெயர்

மனித குலத்தின் மொத்த வரலாறும் கையால் தேய்ப்பதிலிருந்து தப்பித்து ஓடிய வரலாறுதான் என்று தீபக் அறிவித்தான். அறிவித்த நேரத்தில் அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான், கையால்தான்.

அக்கா ரித்திகா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. போர்ட்டிகோவில் காருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த வாட்டர் பேப்பரை, பட்டறைக்காரர்கள் பெயிண்ட் தேய்க்கும் அந்த நைசான உப்புத்தாளை, ரப்பர் கட்டையில் சுற்றி, டிக்கிக் கதவின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீர் சிவந்திருந்தது. வண்டியின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

"ஏக்கா, தெனமும் சட்டி கழுவற மாதிரி தேச்சுட்டிருக்கற. இது காலேஜுல தெரிஞ்சா எனக்குக் குடுத்த மெக்கானிக்கல் சீட்டைப் புடுங்கிப்போடுவாங்க."

"நீ ஒருநாளாவது சட்டி கழுவியிருந்தா இந்தப் பேச்சு பேசலாம் கண்ணு."

அந்தக் கார் ரித்திகாவின் கல்யாணத்துக்கு இவர்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தது. முகூர்த்தத்தன்று பூ அலங்காரம் செய்தவர்கள் டிக்கியில் ‘நிதீஷ் – ரித்திகா’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு யாரும் அதை உரிக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் மாமியார் வீட்டு வாசலில், வெட்டவெளியில், ஆறு வருஷம் வண்டி வெயிலில் நின்றது. போன மாதம் விவாகரத்து முடிந்து, ரித்திகாவும் வண்டியும் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்தார்கள்.

வந்த அன்றைக்கே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டாள். ஸ்டிக்கர் போனது, பெயர்கள் போகவில்லை. எழுத்து இருந்த இடம் மட்டும் ஷோரூமில் பார்த்த சிவப்பு. சுற்றிலும் வெளுத்துப்போய் வெளிறிய ரோஸ். ஸ்டிக்கரே இல்லாமல் ஸ்டிக்கரைப் படிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். விவாகரத்துக்குப் பிறகு ரித்திகா போகப்போகிற முதல் விசேஷம். வாடகைக் காரில் போகலாம் என்றார் அம்மா.

"என்ற வண்டியில நானே ஓட்டிட்டுத்தான் வருவேன்," என்றாள் ரித்திகா. "ஆனா இந்தப் பேரோட மண்டபத்து வாசல்ல கொண்டுபோயி நிறுத்த மாட்டேன். பேரு போகாட்டி நான் வரலை."

டிக்கி முழுக்கப் புதுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்கள் பட்டறையில். ஆனால் புதுச் சிவப்பு பழைய சிவப்போடு சேராது. மண்டபம் முழுக்க ‘வண்டி எங்க அடிபட்டுது’ என்று கேட்கும். அதற்கும் ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த வாட்டர் பேப்பர்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் தீபக் அறிவியலைக் களத்தில் இறக்கினான். காந்திபுரத்தில் கார் வாஷ் வைத்திருக்கும் நண்பன் ரிஃபத்திடமிருந்து பாலிஷ் மெஷினை வாங்கிவந்து, மருந்தைத் தடவி, எழுத்துகளின் மேலேயே குறிவைத்து ஓட்டினான். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுத் துணியால் துடைத்தான்.

எதிர்வீட்டுச் சென்னியப்பன் தன் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார்.

"நிதீஷ்... ரித்திகா," என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே படித்தார். "ஏனுங் தம்பி, புதுசா எழுதுனீங்களா? கண்ணாடி போடாமயே தெரியுதுங்க."

தீபக் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினான்.

சாயங்காலம் வந்த ரித்திகா வண்டியின் பின்னால் வெகுநேரம் நின்றாள்.

"பேரை அழுக்குன்னு நெனச்சுட்டயாடா?"

"பின்ன?"

"இந்த டிக்கியில கெடாத எடமே அது ஒண்ணுதான். சுத்தி இருக்கறதுதான் வெளுத்துப்போச்சு. பேர் மேல கை வெச்சா அது இன்னும் பளிச்சுனுதான் ஆகும். மத்ததையெல்லாம் தேச்சு அதும்பக்கத்துல கொண்டுவரோணும். அப்பறம் அது தானாத் தெரியாமப் போயிரும்."

அவள் பெயிண்ட்டைப் பற்றித்தான் சொன்னாள். அதற்குமேல் யோசிக்க தீபக்குக்கு விருப்பமில்லை. ஆனாலும் யோசித்தான்.

"இனி முடியாது. நான் வரலைன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. அவள் கிளம்பியதும் தீபக் முக்காலியில் உட்கார்ந்தான். வாளியில் துளி ஷாம்பு விட்டு, பேப்பரை நனைத்துக் கட்டையில் சுற்றினான். எழுத்தைத் தொடாமல், அதன் ஓரத்திலிருந்து வெளியே, நேர்கோட்டில் தேய்த்தான். வெளிறிய சாறு வடிந்தது. துடைத்துப் பார்த்தால் அடியில் சிவப்பு. நனைத்தான், தேய்த்தான், துடைத்தான். முதலில் ‘ஷ்’ மேலிருந்த புள்ளி காணாமல் போனது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

மதியம் ரித்திகா வந்தபோது அந்தப் பெயரில் ‘நிதீ’ மட்டும் மங்கலாக மிச்சமிருந்தது; அவள் பெயர்ப் பக்கம் அவன் இன்னும் போகவில்லை. பையைத் தோளில் வைத்தபடியே பார்த்தாள். பிறகு இன்னொரு பேப்பரை நனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்பேரை விட்றட்டுமாக்கா?"

"அதையும் எடுத்துப்போடு. வண்டி யாருதுன்னு ஆர்சி புக்குல இருக்குது." கொஞ்சம் தேய்த்த பிறகு கேட்டாள்: "அம்மாகிட்டச் சொல்லிப்போட்டயா?"

"இல்லக்கா, மறந்துட்டேன்."

"செரி. மெஷினைத் திருப்பிக் குடுத்துறாத. கடைசிப் பாலிஷுக்கு வேணும்."

எதிர் கேட் திறந்தது.

"ஏனுங் தம்பி," என்றார் சென்னியப்பன், "மெஷினு கெட்டுப்போச்சுங்களா?"

சுவரோரம் மெஷின் நல்லபடியாகவே இருந்தது.

"ஆமாங்க," என்றான் தீபக், தலை நிமிராமல். பேப்பரை மறுபடி வாளியில் நனைத்தான்.