வலப்பக்கத்து வெளிச்சம்

மற்றவர்களைப் பார்த்து "கொஞ்சம் சிரியுங்கோ" என்று சொல்லியே இருபத்தெட்டு வருடத்தைக் கழித்த மனிதர் வின்சென்ற். அன்றைக்கு யாராவது தன்னிடம் அப்படிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று அவருக்குப் பட்டது. ஒருவரும் சொல்லவில்லை.

ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு பெரிய ஆள் இருந்தார். காட்சிக்கூடம் நடத்துபவர், புத்தகம் போடுபவர், பத்திரிகைக்குப் படம் தெரிந்தெடுப்பவர் என்று பல ரகம். படப்பிடிப்பாளர்கள் தங்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் இருக்கவேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம். மணி அடித்ததும் எழும்பி அடுத்த மேசைக்குப் போகவேண்டும். இதற்கு போர்ட்ஃபோலியோ ரிவியூ என்று பெயர். மன்னார்க் கத்தோலிக்கரான வின்சென்றுக்கு அது பாவசங்கீர்த்தன வரிசை மாதிரியே இருந்தது. ஆனால் அங்கே குருவானவர் கடைசியில் மன்னித்து அனுப்புவார்.

இந்த மேசைகளுக்கு வந்தவர்களில் எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து வசந்தத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். வின்சென்ற் வந்தது அதற்காகத்தான். பத்தொன்பது வருடமாக ஆக்லாந்துத் தமிழருக்கு அவர் 'வீடியோக்கார வின்சென்ற்'. முதல்நன்மை, சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒரேயொரு சுவரிலாவது தன் பெயருக்குக் கீழே 'படப்பிடிப்பாளர்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அவர் எமிலியிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனைவி சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்காதது அவருக்குப் பயத்தைத் தந்தது.

காலையில் கிளென் ஈடன் வீட்டில் கறுப்புக் கோட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கித் தந்ததும் அவள்தான்.

"இது செத்தவீட்டுக்குப் போடுற கோட்டெல்லோ?" என்றார்.

"வேற கோட் உங்களிட்ட இருக்கோ?"

இருக்கவில்லை. படப்பெட்டியின் வாரை வலத்தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினார். நல்ல கனமான பெட்டி. பாதி வழியிலேயே தோள் முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டது.

முதல் மேசையில் இருந்த இளைஞன் மரியாதையானவன். கலியாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மூலையில் புறாவோடு சேர்ந்து மினுங்குகிற தங்க எழுத்துகள் இந்தப் படைப்பின் ஒரு பகுதியா என்று கேட்டான். 'வின்சென்ற் போட்டோ அன்ட் வீடியோ' என்ற எழுத்தும் தொலைபேசி இலக்கமும், அவருடைய தொழில் முத்திரை. எல்லாப் படத்திலும் போடுகிற பழக்கத்தில் இவற்றிலும் போட்டு அச்சடித்துவிட்டார். ஒரு மாதம் இரவு பகலாகப் படம் தெரிந்தெடுத்தவருக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை. வின்சென்ற் கொஞ்சம் யோசித்துவிட்டு, புறா மட்டும் பகுதி என்றார். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

இரண்டாம் மேசையில் சிவப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. ஏன் எல்லாரும் கமராவையே பார்க்கிறார்கள் என்று கேட்டாள். பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. லின்ஃபீல்டில் ஒரு கலியாணத்தில் வின்சென்ற் ஒரேயொரு தடவை கலையாக எடுக்கப் பார்த்தார். அந்தப் படத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் பெரியம்மா மூன்று கிழமை தொடர்ந்து தொலைபேசி எடுத்தார். இதையெல்லாம் இருபது நிமிடத்தில் விளங்கப்படுத்த முடியாது. கடைசியில் அவள், இந்தப் படங்களுக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கமராவுக்குப் பின்னால்" என்றார் வின்சென்ற்.

அவள் சிரிக்கவில்லை. மணி அடித்தது.

மதியம் படிக்கட்டில் இருந்து மீன் சம்பல் வைத்த சான்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எமிலி தொலைபேசியில் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். புறாக் கதை வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இருமினாள்.

"கலியாணப் படம் அவைக்கு ஆரும் காட்டுவினம். அடியில கிடக்கிற செத்தவீட்டுப் படங்களை எடுத்து வையுங்கோவன்."

"அது ஆக்களின்ர துக்கம், எமிலி."

"பின்னை என்னத்துக்குப் பெட்டிக்குள்ள வைச்சனீங்கள்?"

வைத்தவர் அவர்தான். மெல்லிய ரிஷூத் தாளில் சுற்றி, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார்.

மூன்றாவது மேசை ஹெலனுடையது. நரைத்த தலை, அறுபது தாண்டியிருக்கும். வசந்தக் கண்காட்சிக்கு எட்டுப் பேரைத் தெரிந்தெடுப்பது அவள்தான், நடந்ததை நடந்தபடி காட்டுகிற படங்கள்தான் அவளுக்கு வேண்டும் என்று வரிசையில் கதைத்துக்கொண்டார்கள். கலியாணப் படங்களை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அந்தத் தாளுக்குள் என்ன என்று கேட்டாள். வின்சென்ற் எடுத்து வைத்தார்.

பன்னிரண்டு படங்கள். எல்லாமே ஒரே மாதிரி. திறந்த சவப்பெட்டி, அதைச் சுற்றி நிற்கிற குடும்பம். அழுது வீங்கிய கண்களோடு எல்லாரும் நேரே கமராவைப் பார்க்கிறார்கள். கலியாணத்தில் ஒரு மாதிரிப் பட்ட அந்தப் பார்வை இங்கே வேறு மாதிரி இருந்தது. ஹெலன் படங்களை மேசையில் பரப்பினாள்.

வின்சென்ற் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஆட்களுக்குள் இது வழக்கம். பெட்டி மூடுவதற்கு முதல் ஒரு குடும்பப் படம் எடுப்பது. வரமுடியாமல் போன பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கு. பிள்ளைகள் ஒரு நாட்டிலா இருக்கிறார்கள்? ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவருக்கு விசா இல்லை. அதனால் படம் எடுக்கும்போது வராதவருக்கென்று பெட்டியோரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடுவார்கள். அந்தப் பிள்ளை அங்கே கோட் போட்டுப் படம் எடுத்து அனுப்பும். வின்சென்ற் அதை வெட்டி இந்த இடத்தில் வைத்துவிடுவார். பிறகு அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். ஒருவரும் குறையாமல்.

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நடந்ததை நடந்தபடி காட்டுகிற படங்களைத் தேடுகிறவளின் மேசையில் இருந்துகொண்டு, இதெல்லாம் வெட்டி ஒட்டினது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். பாவசங்கீர்த்தனம் பலித்துவிட்டது.

ஹெலன் கடைசிப் படத்தை அருகே இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவர் மேல் மட்டும் வெளிச்சம் வலப்பக்கத்தில் இருந்து விழுகிறது" என்றாள். "மற்ற எல்லாருக்கும் இடப்பக்கம்."

பிறகு நிமிர்ந்து வின்சென்றின் முகத்தைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"இது நீங்கள்."

பதினேழு வருடத்தில் ஒருவரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. இரண்டாயிரத்து எட்டில் மன்னாரில் அப்பா செத்தபோது வின்சென்றின் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. அவர் விட்டுவிட்டு வந்த பழைய கமராவால் தம்பி கிரிஷான்தான் படம் எடுத்தான். தலைமாட்டில் மூத்தவனுக்கு இடம் விடுங்கோ என்று அம்மா சொன்னாவாம். அந்த இடத்துக்காக வின்சென்ற் கிளென் ஈடனில் குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று தன்னைத்தானே எடுத்தார். யன்னல் பிழையான பக்கத்தில் இருந்தது. ஒட்டின உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆளைக் கண்ணாடியில் போலத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் சரிவரும், ஒரு நிமிட வேலை. ஆனால் தலைவகிடு மறுபக்கம் போய்விடும். அம்மாவுக்கு வெளிச்சம் பிடிபடாது. வகிடு பிடிபடும். சின்ன வயதில் சீப்பால் அந்த வகிட்டை எடுத்துவிட்டது அப்பா. அதனால் அப்படியே விட்டுவிட்டார்.

மற்றப் படங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றில் ஒருவர் மேலும் வெளிச்சம் பிழைத்ததில்லை.

ஹெலன் மற்றப் பதினொன்றையும் கேட்கவில்லை. அவை அந்தக் குடும்பங்களுடையவை என்று அவளே சொன்னாள். இந்த ஒன்று போதும், ஒன்றரை மீற்றர் அகலத்தில், ஒரு முழுச் சுவர். எட்டில் ஓர் இடம் உங்களுடையது. ஒரு நிபந்தனை: படத்துக்குக் கீழே உண்மையை எழுதவேண்டும். இவர் அன்றைக்கு அங்கே இல்லை, பிறகு சேர்க்கப்பட்டவர் என்று மூன்று வரி. நாளை மதியத்துக்குள் தரவேண்டும். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். மணி அடித்தது. வின்சென்ற் எழும்ப மறந்து இருந்தார்.

ரயிலில் அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்று வரி பெரிய காரியம் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இப்போது எண்பத்துமூன்று. இரண்டு வருடமாக நினைவு முன்னும் பின்னுமாக இருக்கிறது. கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம், தகப்பனின் அடக்கத்துக்கு மூத்தவன் வந்து நின்றவன் என்று சொல்கிறாவாம். திருத்தப் போகவேண்டாம் என்று கிரிஷான் சொல்லியிருந்தான். இந்தச் சுவரில் மூன்று வரி ஏறினால், பார்க்க வருகிற நம்மவர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்து வாட்சப்பில் போடுவார். அரை மணித்தியாலத்தில் மன்னாருக்குப் போய்விடும். யாரோ ஒரு நல்ல மனம் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தும் காட்டும்.

அம்மாவுக்கு இன்றைக்கு உண்மை ஞாபகம் இருந்தால் எழுதலாம். அப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு கிளென் ஈடனில் இறங்கினார். மழை தூறியது. ரயில் மேடையில் ஆட்கள் இருக்கிற வாங்கில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அங்கே காலை பத்து மணி இருக்கும். கிரிஷானின் மனைவி பிரியந்தி எடுத்து, மாமியிடம் கொடுத்தாள்.

"அம்மா, ஒண்டு கேக்கவேணும். அப்பாவின்ர அடக்கத்தண்டு நான் எங்க நிண்டனான்?"

பின்னால் காகச் சத்தம் கேட்டது.

"எங்க நிண்டனியோ? அப்பாவின்ர தலைமாட்டில நிண்டனி."

"பிறகு?"

"பிறகென்ன, பெட்டியைத் தூக்கினனி. வலத்தோளில. சவக்காலை வாசல் வரைக்கும் ஆரிட்டையும் மாத்திக் குடுக்கேல்லை. பின்னேரம் தோள் நோகுதெண்டு சொல்ல நான்தானே எண்ணெய் போட்டு உருவிவிட்டனான்."

அந்தப் படத்தில் தூக்குவது இல்லை. சவக்காலை இல்லை, எண்ணெய் இல்லை. அவர் ஒட்டினது ஒரு நிற்கிற ஆளை மட்டும்தான். மிச்சத்தை அம்மா செய்து வைத்திருக்கிறா.

"உனக்கு மறந்துபோச்சே, மோனை?"

"இல்லையம்மா. ஞாபகம் இருக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டு ஹெலனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். நன்றி, இந்தப் படத்தைத் தரமுடியாது, மன்னிக்கவும். ஏன் என்று ஒரு வரி எழுதி, அழித்தார். அனுப்பினார். அந்தச் சுவரில் அவருக்காக யாரும் இடம் விட்டு வைக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். அவர்களுடைய படங்களில் புறாவும் இல்லை.

வீட்டில் எமிலி கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள்.

"எடுபடேல்லையோ?"

"எடுபட்டது. நான்தான் குடுக்கேல்லை."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எந்தப் படம் என்று அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும். குளியலறைக் கதவுக்கு முன்னால் அன்றைக்குக் கமராவின் பொத்தானை அமத்தினது அவள்தானே. தன்னைத்தானே எடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருப்பதை அவள் இவ்வளவு காலமும் திருத்தியதில்லை.

வின்சென்ற் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றப் பார்த்தார். கை மேலே போகவில்லை.

"என்ன?"

"தோள் நோகுது."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

எமிலி அலுமாரியைத் திறந்து எண்ணெய்ப் போத்தலைத் தேடினாள்.