வேரை நறுக்கிய கை

ஹார்லெம் ஊரில் நாற்பது வருடமாகத் துலிப் கிழங்கு வளர்த்தவன் லுப்பெர்ட். அவன் கைபட்டால் பட்ட மரமும் துளிர்க்கும் என்று ஊரே சொல்லும். அதை அவனும் நம்பித் தொலைத்தான்.

புதுச் செடிகள் தேடி ஆப்பிரிக்கத் தென்முனைக்குக் கப்பலேறிய ஒரே மகன் ஃப்ளோரிஸ், அங்கிருந்து ஒரே ஒரு கிழங்கை மண்ணோடு பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தான். கடுதாசி பின்னால் வேறு கப்பலில் வருகிறது என்றான் பெட்டியைக் கொண்டுவந்த மாலுமி. அந்தக் கப்பல் வரவில்லை. குளிர்காலத்தில் இன்னொன்று வந்தது, ஃப்ளோரிஸ் காய்ச்சலில் செத்து அங்கேயே புதைக்கப்பட்ட சேதியோடு.

அதன் பிறகு லுப்பெர்ட்டுக்கு அந்தக் கிழங்குதான் பிள்ளை. மகன் கண்ட பூவைத் தானும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனிடம் மிச்சமில்லை.

ஜூன் மாதம் யோவான் திருநாள் கழிந்ததும், ஊர் வழக்கப்படி துலிப் கிழங்குகளைத் தோண்டி, காய்ந்த வேரைக் கிள்ளிவிட்டுப் பரணில் உலர்த்தினான். மகனுடைய செடியிலும் இலை பழுத்திருந்தது. அதையும் தோண்டினான். அதன் வேர் மட்டும் காயவில்லை. விரல் தடிமனில், வெள்ளையாக, சாறு கட்டி நின்றது. மனைவி மாக்டெல்ட் எட்டிப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கற மாதிரி இருக்கேங்க. அதைப் போய் ஏன் வெட்டறீங்க?"

"நீ போய் மீனைக் கழுவு. கிழங்குக்கு வைத்தியம் பாக்க நான் இருக்கேன்."

ஒட்ட நறுக்கினான்.

இலையுதிர் காலத்தில் மறுபடி நட்டான். முளைக்கவில்லை. நவம்பரில் பொறுக்க மாட்டாமல் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கையோடு கூழாக வந்தது.

அடுத்த வாரம் கடுதாசி வந்தது. அதைச் சுமந்த கப்பல் பாய்மரம் முறிந்து ஏதோ துறைமுகத்தில் ஒரு வருடம் கிடந்ததாம். லுப்பெர்ட்டுக்கு எழுத்து வராது. மாக்டெல்ட்தான் வாசித்தாள்.

"அப்பா, நம்ம துலிப்னு நெனச்சு இதைத் தோண்டிடாதீங்க. இலை போனாலும் இதோட வேர் சாகாது. வேர் போனா எல்லாம் போச்சு. பூக்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் வந்துடுவேன். சேந்து உக்காந்து பாப்போம்."

அன்றைக்கே சொன்னேனே என்று அவள் கேட்பாள் எனத் தலையைக் குனிந்து காத்திருந்தான். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் கடுதாசியை நாலாக மடித்து அவன் கையில் வைத்தாள். பிறகு எழுந்து மீன் கழுவப் போனாள்.