ஜிப்சி நிறம்

ஏதென்ஸில் ஒரு பாட்டுப் படம் எடுத்தார்கள். ஜிப்சிப் பெண்ணாக வேஷம் போட்ட கதாநாயகிக்குப் பின்னால் ஆட, நிஜ ஜிப்சியான ஸம்பேத்தாவைக் கூட்டிப்போனார்கள். மேக்கப்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கதாநாயகிக்குப் பூசிய அதே டப்பாவை எடுத்து அவள் முகத்திலும் அப்பினார். ஆட்டம் முடிந்து அதே முகத்தோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அம்மா தியமாந்தோ பதறிப்போனாள்.

"என்னடி இது, கரியா?"

"ஜிப்சின்னா இன்னும் கறுப்பா இருக்கணுமாம், அம்மா."

"அடப் பாவிகளா! ரொட்டிக் கடைக்காரன் கறுப்பின்னு உன்னை வரிசையில கடைசிக்குத் தள்ளுறான். இந்தப் படக்காரனுக்கு அது பத்தலையாக்கும்!"

துணியை ஆலிவ் எண்ணெயில் நனைத்து, மகளின் முகத்தை மடியில் சாய்த்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போதும்மா, எரியுது."

"சும்மா இருடி. நான் பெத்த முகம் இன்னும் முழுசா வரல."