முன்னால் வந்த எதிரொலி

வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு எஸ்மத் கானும் நாங்கள் படம் செய்யும் நிலவறைக்கு வந்தார். 'கானும்' என்பது இங்கே பெண்களை 'அம்மா' என்பதுபோல மரியாதையாக அழைக்கும் சொல். நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். இருபது நிமிடம் வாசலிலேயே நின்றிருந்தார் என்று எதிர்க் கடைக்காரர் பிறகு சொன்னார்.

மறுநாள் மாலை ஆற்றங்கரைப் பூங்காவின் வெள்ளைச் சுவரில் எங்கள் படத்தைக் காட்ட அனுமதி கிடைத்திருந்தது. நான்கு நிமிட அனிமேஷன் படம். இஸ்ஃபஹானின் காஜூ பாலத்துக்கு அடியில் கூடிப் பாடுகிறவர்களைப் பற்றியது. விநாடிக்குப் பன்னிரண்டு தாள் வீதம் எல்லாவற்றையும் நான் கையால் வரைந்தேன். இசை என் கூட்டாளி பஹாதோருடையது. ஒரு குரல் மட்டும் பாலத்தடியிலேயே பதிவு செய்தது. பாடியவர் நஸ்ரொல்லா, நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிவு செய்த நான்காம் மாதம் இறந்துபோனார்.

எஸ்மத் கானும் அவருடைய மனைவி. குரலைப் பயன்படுத்த அவர் கையெழுத்து வேண்டும். தொலைபேசியில் கேட்டபோது, "போட்டுத் தர்றேன். அதுக்கு முன்னாடி எங்க பாட்டை ஒரு தடவை கேக்கணும். எங்கிட்ட எந்தப் பதிவும் இல்ல" என்றார். 'எங்க' என்ற சொல்லை நான் யோசிக்கவில்லை. இங்கே மனைவிகள் அப்படித்தான் பேசுவார்கள்.

பஹாதோர் தேநீர் கொண்டுவந்தான். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார்.

"நீ எந்த ஊரு தம்பி?"

"ஷீராஸ், கானும்."

"எத்தனை வருஷம் எடுத்தீங்க இந்தப் படத்த?"

"ரெண்டு."

"நாலு நிமிஷத்துக்கு ரெண்டு வருஷம். ஷீராஸ்காரங்க சோம்பேறிங்கன்னு சும்மாவா சொல்றாங்க."

"இஸ்ஃபஹான்காரங்க கஞ்சத்தனம் பண்ணாம சம்பளம் குடுத்திருந்தா சீக்கிரம் முடிச்சிருப்பேன்."

அவர் சிரித்தார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் படத்தை ஓடவிட்டேன்.

முதலில் பாலத்தின் வளைவுகள், கரிக்கோட்டில். பிறகு தண்ணீர். ஆறு வறண்டு பல மாதங்களாகிவிட்டன. படத்தில் மட்டும் ஓட வைத்திருந்தேன். வளைவுக்குக் கீழே ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்கிறார்கள். தார் என்னும் நரம்புக் கருவியின் தந்திகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. நஸ்ரொல்லா பாடுகிறார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.

எஸ்மத் கானும் அசையவில்லை. படம் முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கானும்."

"நான் எங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்க பாட்டுன்னு சொன்னேனே, மகளே. தூணுக்கு அந்தப் பக்கம் நான்தான் உக்காந்திருப்பேன். அவருக்கு ரத்தம் கட்டி தலையில ஆபரேஷன் ஆச்சு. ராகம் போகல, வரி போயிடுச்சு. ஒவ்வொரு வரியா நான்தான் எடுத்துக் குடுப்பேன். அதையும் பாட்டாத்தான் குடுக்கணும், வெறுமனே சொன்னா அவருக்குப் பிடிபடாது. பொம்பள தனியாப் பாடக் கூடாதுல்ல. அதனால மெதுவா. காவலுக்கு நிக்கிறவன் காதுல விழாத அளவுக்கு."

பஹாதோர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஒரு முணுமுணுப்பு இருந்தது கானும். தூண் பக்கத்துலருந்து. பாலத்தோட எதிரொலின்னு நினைச்சு நீக்கிட்டேன். குரல் சுத்தமா வரணும்னு."

"எதிரொலி முன்னாடி வருமா, தம்பி?"

அவன் பதினோரு வருடம் இசை படித்தவன். தரையைப் பார்த்தான்.

"பழைய பதிவு இருக்கும்ல?"

"அந்த டிஸ்க் போன குளிர்காலத்துல கெட்டுப்போச்சு. மூணு கடையில காமிச்சேன். சுத்தம் பண்ணினது மட்டும் தர்லான்கிட்ட இருந்தது" என்று என்னைக் காட்டினான்.

"சரி" என்றார் எஸ்மத் கானும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லாத கண்ணாடி.

நான் அலமாரியிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். பாலத்தடியில் உட்கார்ந்து எட்டு வெள்ளிக்கிழமைகள் வரைந்தது. எல்லாப் பக்கத்திலும் நஸ்ரொல்லா இடப்பக்கம் திரும்பியிருந்தார். வெட்கப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன். படத்தில் அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரை வரைந்து, அவர் பார்ப்பதற்கு ஒரு காரணம் கொடுத்திருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் தூணின் ஓரமாக ஒரு கறுப்புத் துணி நுனி இருந்தது. அதை நிழல் என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தேன். என் கையெழுத்துதான்.

அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. குறிப்பேட்டை மூடினேன்.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டேன். இம்முறை முதல் வரி முடிந்து நஸ்ரொல்லா இடப்பக்கம் திரும்பியதும் எஸ்மத் கானும் அடுத்த வரியின் தொடக்கத்தைப் பாடினார். மூச்சைவிடச் சற்றே பலமாக, உதடு அதிகம் பிரியாமல். திரையில் நஸ்ரொல்லா அதை வாங்கிக்கொண்டு பாடினார். அடுத்த வரியும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பஹாதோர் விட்டுவைத்திருந்த மௌனத்துக்குள் அது அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

பஹாதோர் ஓசைப்படாமல் ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் உடனே நிறுத்திவிட்டார். நஸ்ரொல்லா தனியாகத் திரும்பினார், தனியாகப் பாடினார், தனியாக முடித்தார்.

"இன்னொரு முறை பாடுங்க கானும்" என்றான் பஹாதோர். "ராத்திரிக்குள்ள சேத்துடுவேன். அடியில, மெதுவாத்தான். யாரும் கேக்க மாட்டாங்க."

"நானும் உங்களை வரைஞ்சிடுறேன்" என்றேன். "தூணுக்குப் பக்கத்துல. காலை வரைக்கும் நேரம் இருக்கு."

அவர் அனுமதித் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார். திரையில் கடைசித் தாள் நின்றிருந்தது. நஸ்ரொல்லா வாய் மூடி, தலை நிமிர்ந்து.

"இதுல அவரு ஒரு வரியக்கூட மறக்கலையே, மகளே. அப்புறம் அங்க நான் எதுக்கு?"