பேயின் ஆறாவது விரல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான்தான்.

சினிமா விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு. நாற்பது வருடங்களுக்கு முன்னால் சக்கைப்போடு போட்ட ஒரு பேய்ப்படத்தை இப்போது மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் எழுதிக்கொடுத்த வரி: 'மனிதக் கைகள் மட்டுமே செய்த பேய்.' தயாரிப்பாளர் படித்துவிட்டு மேசையை ஓங்கித் தட்டினார்.

"தம்பி, இதத்தான் நான் தேடிட்டிருந்தேன்! கம்ப்யூட்டர் பேயப் பாத்துப் பாத்து ஜனங்க சலிச்சுப் போயிட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையோடு இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அப்ப இது என்னடா? குரங்குக் கையா?"

அந்தப் படத்தின் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பிரிவுக்கு அக்காதான் தலைவி. அவளோடு பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் 'மட்டுமே' என்று, கம்ப்யூட்டரே இல்லை என்று அர்த்தம் வரும்படி, கை கூசாமல் எழுதினேன்.

2

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் திண்டாடினேன்.

முதல் தொடக்கம்: 'ரப்பர் வாசனை வீசும் அந்தப் பழைய பட்டறையில், தன் கடைசிப் பேயைச் செய்துகொண்டிருந்தார் அந்த முதியவர். அவர் கைகள் நடுங்கின. அந்தக் கைகளுக்குப் பின்னால்…'

[நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் பிடித்திருக்கும், இரண்டு சொட்டுக் கண்ணீர்கூட வந்திருக்கும். ஆனால் பேயைச் செய்தவருக்கு வயது முப்பத்துநான்கு. எல்லோரும் அவரை 'ரப்பர்' என்று கூப்பிடுவார்கள். பட்டறையில் ஏசி ஓடுகிறது. அடுத்த இரண்டு வருடத்துக்கு ஆள் பிஸி. அவருக்காக அழ ஒன்றுமில்லை.]

இரண்டாவது: 'திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகம் உயிரற்று…'

[இதுவும் பொய். அக்கா வேலை செய்யும்போது பாட்டை முணுமுணுப்பாள். கீபோர்டு முழுக்க பிஸ்கட் தூள். கம்ப்யூட்டர் என்றதும் 'உயிரற்று' என்று எழுத என் கையை யார் பழக்கிவிட்டார்கள்?]

தூக்கிப் போடவேண்டியதை எல்லாம் இங்கே ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். ஒன்பது வாரம் என் அக்கா அந்தப் படத்தில் தெரிந்த மற்றவர்களுடைய கைகளை அழித்துக்கொண்டிருந்தாள், பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. இந்தக் கதையில் நான் எதையும் அழிக்கப்போவதில்லை. என் கை தெரிந்தால் தெரியட்டும்.

3

நடந்தது இதுதான்.

படத்தில் குளியலறைக் கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து பேய் வெளியே வரும். பேய் முழுக்க ரப்பர். சுவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்று கம்பிகளால் அதை ஆட்டுவார்கள். கம்பி, ஒயர், அந்த நான்கு பேரின் கை, குழாயில் தெரியும் அவர்களுடைய நிழல் எல்லாவற்றையும் படத்திலிருந்து எடுப்பது அக்கா பிரிவின் வேலை. 'துடைக்கிறது' என்பார்கள். அந்தக் காட்சி பதினொரு நொடி. நொடிக்கு இருபத்துநான்கு தனித்தனிப் படம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பேய்க்கு இடது கையில் ஆறு விரல். செத்துப்போன அண்ணிதான் வந்திருக்கிறாள் என்று கதாநாயகி தெரிந்துகொள்வதே அதை வைத்துத்தான். படமே அந்த ஒரு விரலில்தான் நிற்கிறது. படம் பிடித்த அன்று பசை விட்டுப்போய், ஆறாவது விரல் மட்டும் அலமாரிக் கதவோரம் தனியாகத் தொங்கியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் நிற்கிற யாருடைய விரலோ என்று நினைத்து அக்கா அதையும் துடைத்துவிட்டாள். ஒரு படம் விடாமல், சுத்தமாக.*

[* ஆறு விரல் என்பது அவளுக்குத் தெரியாதா என்று நானும் கேட்டேன். "நாப்பது விரல துடைச்சவளுக்கு நாப்பத்தொண்ணாவது கண்ணுக்குத் தெரியுமாடா?" என்றாள்.]

துடைத்த காட்சியைப் போட்டுப் பார்த்த அன்று ரப்பர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அக்கா, என் பேயோட விரல் எங்க?"

அக்காவுக்கு முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. ரப்பரும் சிரித்தார். பழைய விரலைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். செத்த பல்லி மாதிரி தொங்கியது. மறுபடி படம் பிடிக்க வழியில்லை, செட்டை எப்போதோ பிரித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் சமையலறை அலமாரிக் கதவைத் தன் இடது சுண்டுவிரலால் மெதுவாக வளைத்துப் பிடித்தாள். நான் போனில் படம் எடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு புது விரலைக் கம்ப்யூட்டரில் செய்தாள். நகம் உடைந்திருந்தது, அதையும் வைத்தாள். கணுவில் ஒரு சின்னத் தழும்பு. ஆறு வயதில் கோபத்தில் நான் கதவை அறைந்து சாத்தியதில் வந்தது அது. அதையும் விடவில்லை.

வெளியாட்களைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, முகம் வந்த இடத்தில் கொஞ்சம் பேர் நெளிந்தார்கள். விரல் கதவை வளைத்த இடத்தில் மொத்த அரங்கும் அலறியது. ரப்பர் அக்காவின் பக்கம் சாய்ந்து, "அது நான் செஞ்சதுன்னு நானே நம்பிட்டேன்க்கா" என்றார். அந்த ஆளுக்கு மனசு பெரிசு.

விளக்குப் போட்டதும் தயாரிப்பாளர் எழுந்து நின்றார். "பாத்தீங்களா அந்த விரல! கம்ப்யூட்டர்ல இது வருமா?" மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஊர் முழுக்க ஒட்டியிருக்கும் போஸ்டரில் அந்த விரல்தான் இருக்கிறது. அதற்குக் கீழே என் வரி.

4

போஸ்டர் பொய்யாகிவிடக் கூடாதல்லவா? அதனால் பன்னிரண்டு பேரின் பெயரையும் படம் முடிந்ததும் ஓடும் டைட்டிலிலிருந்து எடுக்கச் சம்மதம் என்று ஒரு தாள் அடித்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். மறுநாள் மதியத்தோடு டைட்டில் வேலை முடிகிறது.

"உங்க அக்காதானே, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று தயாரிப்பாளர் தாளை என்னிடம் கொடுத்தார்.

நான் அதை வாங்க மறுத்து…

[இல்லை. வாங்கிக்கொண்டேன். மடங்காமல் பையில் வைத்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.]

அக்கா நிதானமாகப் படித்தாள். "எனக்குன்னா போய்த் தொலையட்டும்னு விட்டுருவேன்டா. பதினோரு பேரும் வீட்ல சொல்லி வெச்சிருக்காங்க. பேரு வரும், எந்திரிச்சுப் போயிடாதீங்க, உக்காந்து பாருங்கன்னு."

5

முடிவுகள் மூன்று எழுதினேன். மூன்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒன்று, அவள் கையெழுத்துப் போடுகிறாள், ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறாள். "மழையாம். மூணு மாசமா வெயில் பொளக்குது" என்றாள்.

இரண்டு, கடைசிப் பிரதி இன்னும் அவள் கையில் இருக்கிறது. விரலைத் துடைத்துவிடுகிறாள். ஐந்து விரல் கையைப் பார்த்துக் கதாநாயகி "அண்ணி!" என்று கத்த, அரங்கமே சிரிக்கிறது. எனக்குப் பிடித்த முடிவு இதுதான். "செஞ்ச வேலைய நானே கெடுப்பேனா? லூசு."

மூன்று, தயாரிப்பாளர் முன்னால் நான் தாளைச் சுக்குநூறாகக் கிழிக்கிறேன். அக்கா இதற்குத்தான் நிஜமாகவே கோபப்பட்டாள். "நீ கிழிச்சா இன்னொண்ணு அடிப்பாங்க. இது என் கதை. உன் வீரத்த இதுல சொருகாத."

பிறகு பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைத் தொடவே இல்லை. தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் பன்னிரண்டு பெயர்களை வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரவர் செய்த வேலை. கடைசியில் அவள் பெயர், அதற்கு எதிரே 'ஆறாவது விரல்'.

"இதான் டைட்டில். கொண்டுபோய்க் குடு. நீதானே கொண்டுவந்த?"

6

தயாரிப்பாளர் அலுவலகத்தின் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பதினொன்றரை. மடியில் அந்தத் தாள். அதற்கு மேல் நான் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன்: 'மட்டுமே' என்று நான் எழுதியது பொய், அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன், பன்னிரண்டு பெயர்களையும் போட மறுத்தால் இந்தக் கதை அச்சுக்குப் போகும். எழுந்து போகமாட்டேன்.

உள்ளே என்ன நடந்தாலும் அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். கதை உங்கள் கைக்கு வந்திருப்பதிலிருந்து நீங்கள் எதை வேண்டுமானாலும் ஊகித்துக்கொள்ளலாம். பொறுமை இல்லாமல் நானே அச்சுக்குக் கொடுத்திருக்கவும் கூடும்.

படம் முடிந்ததும் வண்டியை எடுக்க எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். பன்னிரண்டு பெயர்கள் வரவேண்டும், எண்ணுங்கள். வராவிட்டால் வெளியே போய்ப் போஸ்டருக்குக் கிட்டத்தில் நின்று அந்த விரலின் கணுவைப் பாருங்கள். அந்தத் தழும்புக்கு நான் சாட்சி.

அக்காவின் பெயரை இந்தக் கதையில் எங்கேயும் நான் எழுதவில்லை. அது முதலில் வரவேண்டிய இடம் திரை. எழுந்து போய்விடாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்.